அபேஸ் என்றால் திருட்டு அல்ல

1

நாளை எங்களுக்கு விடுமுறை. காம்போராத் துணைக்கண்டத்தில் சமாதானம் ஏற்பட்ட நாள். எத்தனையாவது சமாதானம் என்று கேட்காதீர்கள். கேட்டால் இந்த ஊர்க்காரர்களே விரலை மடக்கி எண்ணத் தொடங்கிப் பாதியில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

நம் ஊரை விட்டு வெள்ளைக்காரன் போன அதே காலத்தில்தான் இங்கேயும் போனான். போகிற அவசரத்தில் ஒரு வரைபடத்தை விரித்து, பென்சிலால் குறுக்கே ஒரு கோடு கிழித்து, மேலே இருப்பது மேல் காம்போரா, கீழே இருப்பது கீழ் காம்போரா என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினான். அந்தப் பென்சிலைச் சீவிவிட்டாவது கிழித்திருக்கலாம். மொட்டைப் பென்சில். அந்தக் கோட்டின் தடிமனுக்குள் ஒரு துறைமுகம், ஒரு மீன் சந்தை, நான்கைந்து தெருக்கள் எல்லாம் அகப்பட்டுக்கொண்டன. அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் என் வீடு.

ஒன்பது வருடத்தில் என் வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஐந்து முறை நாடு மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் நம் ஊரில் பல் துலக்குவார்கள். நான் ஜன்னலைத் திறந்து சுங்கச்சாவடி மேல் எந்தக் கொடி பறக்கிறது என்று பார்ப்பேன். மேல் காம்போராக் கொடி என்றால் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ள வேண்டும். பிறகு சுவரில் தொங்கும் படத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். ஒரே சட்டத்தில் முன்பக்கம் ஒரு தேசத் தலைவர், பின்பக்கம் இன்னொரு தேசத் தலைவர். இது என் மனைவி கன்னியம்மாவின் யோசனை. அவளுக்கு இந்த நாடுகளின் பெயர் இன்றுவரை வாயில் வரவில்லை. அவளைப் பொறுத்தவரை ஒன்று அந்தாண்ட, இன்னொன்று இந்தாண்ட.

"யோவ், எழுந்துரு. இந்தாண்டக்காரன் ராவோட ராவா பூட்டான். அந்தாண்டக்காரன் வந்து குந்திக்கினுகீறான். படத்தைத் திருப்பு" என்பாள். போர் முடிந்த செய்தி எனக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்.

2

நான் ராயபுரத்துத் துரைக்கண்ணு. மதராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். என்ன வேலை என்று கேட்டால், கை காட்டும் வேலை. கப்பலின் அடிவயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்குகிறவன் வின்ச்சுக்காரன். அவன் இருக்கும் இடத்திலிருந்து சரக்கு தெரியாது. ஆகவே ஒருவன் விளிம்பில் நின்று கையைக் காட்டிக் குரல் கொடுக்க வேண்டும். தூக்கச் சொல்ல 'அபேஸ்'. இறக்கச் சொல்ல 'ஆரியா'. அவ்வளவுதான் மொத்தப் பாஷையும். இந்தச் சொற்களைப் போர்த்துக்கீசியன் கொண்டுவந்தான் என்பார்கள், கப்பல் கலாசிகள் கொண்டுவந்தார்கள் என்பார்கள். யார் கொண்டுவந்தாலும் நாங்கள் திருப்பித் தரவில்லை.

'அபேஸ்' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். 'செருப்பை எவனோ அபேஸ் பண்ணிட்டான்' என்றால் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று பொருள். துறைமுகத்தில் மேலே தூக்கிய மூட்டைகளில் சில கீழே இறங்காமலே போனதால் அந்த அர்த்தம் வந்திருக்கும் என்பது என் ஆராய்ச்சி. இதற்கு யாரும் எனக்குப் பட்டம் தரவில்லை.

என் வின்ச்சுக்காரன் வண்ணாரப்பேட்டைக் காதர். தோஸ்து என்றால் அப்படி ஒரு தோஸ்து. என் குரல் வராமல் அவன் கை நகராது. கப்பல் கேப்டனே நேரில் வந்து "இறக்கு" என்று கத்தினாலும் காதர் காது கேளாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். "மாமு, நீ சொன்னாத்தான் ஆரியா. அல்லா வந்து சொன்னாலும் உன்னாண்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினுதான் இறக்குவேன்" என்பான். பிறகு தவ்பா சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வான்.

பெரிய சண்டை முடிந்து சில வருடம் கழித்து, காம்போராவின் பந்தூரா துறைமுகத்துக்குப் பழக்கப்பட்ட ஆட்கள் வேண்டும் என்று ஏஜெண்டுகள் வந்தார்கள். நானும் காதரும் ஜோடியாகப் பெயர் கொடுத்தோம். இரண்டு வருட வேலை என்றுதான் சொன்னார்கள். கன்னியம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த மல்லிகாவையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினேன். நாங்கள் வந்து இறங்கிய மூன்றாம் வாரம் முதல் போர் தொடங்கியது.

3

வந்தவன் ஏன் திரும்பவில்லை என்று ஊரில் பலரும் கேட்டார்கள். திரும்புவதற்குப் பயணப் பத்திரம் வேண்டும். நான் கொண்டுவந்த காகிதங்கள் முதல் போரில் சுங்கச்சாவடியோடு எரிந்து போயின. புதிதாகத் தருகிற அலுவலகம் ஒரே கட்டடத்தில் இரண்டாக இருக்கிறது. இடது வாசல் மேல் காம்போரா, வலது வாசல் கீழ் காம்போரா. இடது வாசலில் போய் நின்றால், "உன் வீடு கீழ் காம்போராவில் அல்லவா இருக்கிறது?" என்பார்கள். வலது வாசலில் போய் நின்றால், "உன் வீட்டை மேல் காம்போரா ஆக்கிரமித்து வைத்திருக்கிறது. நாங்கள் பத்திரம் கொடுத்தால் அந்த ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்பார்கள். ஐந்து முறை நாடு மாறியபோதும் இந்தப் பதில்கள் மட்டும் வாசல் மாறி நின்றனவே தவிர, வேறு மாற்றம் இல்லை.

ஒரே ஒரு தடவை அனுமதி உடனே கிடைத்தது. இந்த ஊர்ப் பாஷையில் 'தோமா' என்றால் வீடு. 'தொம்மா' என்றால் சமாதிக் குழி. நமக்குத்தான் நெடிலும் குறிலும் தாய்ப்பாலோடு வந்தவை ஆயிற்றே என்ற தைரியத்தில் நான் விண்ணப்பத்தை வாயாலேயே சொன்னேன். "ஐயா, பல வருடமாகக் காத்திருக்கிறேன். குடும்பத்தோடு என் தொம்மாவுக்குப் போக அனுமதி தாருங்கள்" என்றேன். அதிகாரி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அரை மணியில் முத்திரை குத்திய காகிதம் வந்தது. வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் காட்டிய பிறகுதான், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நான்கடிக்கு எட்டடி இடம் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கன்னியம்மா அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட விடவில்லை. "வெச்சிக்கோயா. இந்தாண்டயோ அந்தாண்டயோ, நமக்குன்னு ஒரு எடம் குடுத்துக்கீறானே" என்றாள்.

சிரித்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பேன். போன வருடம் என் தங்கை அஞ்சலையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

4

அஞ்சலையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸே காலியான நாட்கள் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் ஒரே நாளில் ஈ காக்கை இல்லை. நாங்களும் மாட்டுவண்டி கிடைத்த வேகத்தில் கிளம்பினோம். அப்பா சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டார். அம்மா குழவியைத் தூக்கிக்கொண்டாள். ஆட்டுக்கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் தூக்கினாள் என்று அம்மாவுக்கே தெரியாது. தண்டையார்பேட்டை தாண்டியதும்தான் அப்பா கேட்டார், "அஞ்சலை யாராண்ட கீது?" என்று. அம்மாவிடம் இருக்கும் என்று அப்பா நினைத்தார். என்னிடம் இருக்கும் என்று அம்மா நினைத்தாள். நான் எதையுமே நினைக்கவில்லை.

வந்த வழியே ஓடினேன். ஆளே இல்லாத தெருவில், எங்கள் வாசல்படியில் நான்கு வயது அஞ்சலை உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் எங்க பூட்டீங்கோ? நான் ஒண்டியா குந்திக்கினுகீறேன்" என்றாள். அழக்கூட இல்லை. அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மாதவரம் வரை நடந்தேன். வழி முழுவதும் நான்தான் அழுதேன். இனிமேல் இவளை விட்டுவிட்டு எங்கும் போக மாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தவன், பிறகு கடல் தாண்டி வந்து ஒன்பது வருடம் உட்கார்ந்துவிட்டேன். இதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த அஞ்சலைக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தான். திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலையில் வேலை. நல்ல பையன் என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். வில்லங்கம் மாப்பிள்ளையின் அப்பாவிடம் இருந்து வந்தது. அவரும் அதே ஆலையில் தொழிலாளர்களின் வருகையைச் சரிபார்க்கிறவர். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத மனிதர். அஞ்சலை தன் கைப்பட எழுதியிருந்தாள்:

"அண்ணே, மாப்ளை வூட்ல ஒரே பேஜாரு. அப்பா இல்லாத பொண்ணு, அண்ணன்தான் முன்னால நின்னு பண்ணணுமாம். உனுக்கு மெய்யாலுமே அண்ணன் கீறானா, இல்ல டூப்பு வுடுறீங்களான்னு கேக்குறாரு மாமனாரு. உன் போட்டோவைக் காட்னோம். போட்டோல எவன் வோணும்னாலும் நிக்கலாம்னாரு. நீ வந்து நேர்ல நின்னாத்தான் தாலியாம். அண்ணே, நீ எந்த நாட்ல வோணும்னாலும் இரு. கல்யாணத்தன்னிக்கு மட்டும் ராயபுரத்துல இரு."

உரக்கப் படித்து முடித்தேன். பக்கத்தில் மல்லிகா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "அத்தையோட மாமனாருக்கு நீ இருக்கிறதே தெரியாதாப்பா?" என்றாள். அவள் பேசுகிற தமிழ் காம்போராப் பாஷைக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். ராயபுரத்தை 'உங்க ஊர்' என்பாள். பூகோளப் பரீட்சையில் 'நம் நாட்டின் எல்லை எது?' என்ற கேள்விக்கு, 'எந்தத் தேதிப்படி?' என்று எதிர்க்கேள்வி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். அவளுக்கு அத்தை என்றால் தபால்தலை ஒட்டி வருகிற ஒரு பெயர். ஊரில் தங்கை, இங்கே மகள் என்று எனக்கு அன்று இரண்டு பக்கமும் வலித்தது.

5

அந்த நேரத்தில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது போலத் தோன்றியது. இரண்டு நாடுகளும் ஓர் எல்லைத் தூண் நடச் சம்மதித்தன. சந்தை மேல் காம்போராவுக்கு, எங்கள் தெருக்கள் கீழ் காம்போராவுக்கு. ஆற்றங்கரைப் படகுத்துறை ஓரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் தூணை இறக்கிவிட்டால் தீர்ந்தது. வலது வாசல் அதிகாரி என்னிடம், "தூண் தரையைத் தொட்ட அன்றே உனக்குப் பத்திரம்" என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதக் கடைசித் திங்கட்கிழமை தூண். அதே வாரம் சனிக்கிழமை மதராஸ் போகும் கப்பல். கப்பல் போய்ச் சேரும் நாளில்தான் கல்யாணம். கணக்கு கச்சிதமாக இருந்தது.

எல்லைக் கமிஷன் உட்கார்ந்தது. தூணின் உயரம், கல், இரண்டு முகத்திலும் செதுக்க வேண்டிய சின்னங்கள் எல்லாம் முடிவாகின. ஒரே ஒரு விஷயத்தில் பேச்சு முறிந்தது. தூணை இறக்கும்போது வின்ச்சுக்காரனுக்கு எந்தப் பாஷையில் 'இறக்கு' என்று சொல்வது? முன்பு இரண்டு பக்கமும் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரிந்த பிறகு மேல் காம்போராப் பண்டிதர்கள் அந்தச் சொல்லின் தலையை வெட்டினார்கள். கீழ் காம்போராப் பண்டிதர்கள் வாலை வெட்டினார்கள். எதிரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எங்கள் எல்லைத் தூண் இறங்குவதா என்று இரு தரப்பும் மேஜையைத் தட்டின. அந்த விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. எனக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல், வேலையாட்கள் வரிசையில் நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன். "ஐயா, எங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கிறது. ஆரியா" என்றேன்.

"அது எந்த நாட்டுப் பாஷை?" என்று கேட்டார் மேல் காம்போராக் கர்னல்.

"துறைமுகப் பாஷை ஐயா."

"அந்தப் பாஷைக்குப் பட்டாளம் உண்டா?"

"இல்லை."

"கொடி?"

"கிடையாது."

இரண்டு தரப்பும் கூடிப் பேசிவிட்டு வந்து சம்மதித்தன. 'தூணை இறக்கும்போது ஆரியா என்ற நடுநிலைச் சொல்லை, துரைக்கண்ணு என்ற நடுநிலை மனிதன் சொல்ல வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் காதர் என் முதுகில் தட்டினான். "மாமு, பெரிய ஆளாய்ட்டே. நம்ம ஆர்பர் பேச்சு கெவுர்மெண்டு காயிதத்துல ஏறிக்கீது" என்றான்.

இறக்குவதற்கான சொல்லைப் பற்றி மட்டும்தான் ஒப்பந்தம். தூக்குவதற்கான சொல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

6

இங்கே ஒரு லெப்டினண்டை அறிமுகப்படுத்த வேண்டும். மேல் காம்போராப் படையின் மொழிபெயர்ப்பாளர். எங்கள் தெரு யார் கையில் இருந்தாலும் கன்னியம்மாவின் மீன்குழம்புக்காக வந்துவிடுவார். அன்றைக்கு அவர் சீருடை எதிரி நாட்டுடையது என்றால் சமையலறை ஜன்னல் வழியாக வருவார். சாப்பாட்டோடு தமிழும் கற்றுக்கொண்டார். கன்னியம்மாவிடம் கற்றுக்கொண்டால் எந்தத் தமிழ் வரும்? "இன்னாமே, நாஷ்டா கீதா?" என்று அவர் கேட்கும்போது, கண்ணை மூடிக்கொண்டால் ராயபுரம் டிராம் நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

தூண் நடுவதற்கு முந்தின வாரம் அவர் வந்தபோது கன்னியம்மா தெருவையே ரெண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

"எவனோ கஸ்மாலம் என் பித்தளைக் கொடத்தை அபேஸ் பண்ணிக்கினு பூட்டான்!"

"அபேஸ் இன்னா?" என்று கேட்டார் லெப்டினண்ட்.

"திருட்றதுயா. அடுத்தவன் பொருளை அலாக்கா தூக்கிக்கினு போறது."

அவர் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். நான் அங்கேயேதான் இருந்தேன். குடம் போன துக்கத்தில் இருந்தேன்.

திங்கட்கிழமை வந்தது. படகுத்துறையில் ஒரு பக்கம் மேல் காம்போராப் படை, மறுபக்கம் கீழ் காம்போராப் படை. இரண்டு பாண்டு வாத்தியக் குழுவும் இரண்டு தேசிய கீதத்தை ஒரே நேரத்தில் வாசித்தன. நடுவில் கருங்கல் தூண், சங்கிலி கட்டித் தயாராகப் படுத்திருந்தது. தூரத்தில் வின்ச்சில் காதர். புதுச் சட்டை போட்டிருந்தான். நான் வட்டத்தின் அருகே நின்று கையை உயர்த்தினேன். இருபது வருடப் பழக்கம். யோசிக்காமல் வயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன்.

"அபேஸ்!"

தூண் அசைந்து மேலே கிளம்பியது. லெப்டினண்ட் நோட்டைப் புரட்டுவதைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்தது. கர்னலிடம் ஓடிக் காதில் சொன்னார். கர்னல் ஒரு கட்டளை போட்டார். மேல் காம்போராத் துப்பாக்கிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. எதற்கு என்று தெரியாமலே கீழ் காம்போராத் துப்பாக்கிகள் மேல் காம்போராவின் பக்கம் திரும்பின. பாண்டு நின்றது. தலைக்கு மேலே தூண் தொங்கியது.

"எங்கள் தூணைத் திருடச் சொல்கிறான்!" என்று கர்னல் கத்தினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. காதர் வின்ச்சுக்குப் பின்னால் குனிந்துகொண்டான், ஆனால் பிடியை விடவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்து இரண்டு பாஷையிலும் "இறக்கு, இறக்கு" என்று கத்தினார்கள். அவன் தலையை மட்டும் நீட்டி, "மாமு, இன்னா சொல்றே?" என்று என்னைக் கேட்டான். எனக்குச் சத்தம் வரவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கன்னியம்மா வந்தாள். இரண்டு படைக்கும் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்து, "யோவ் லெப்டினண்டு! உனுக்கு இன்னா மரை கழண்டுபோச்சா? அது வேற அபேஸு, இது வேற அபேஸு!" என்றாள்.

லெப்டினண்ட் மனசாட்சி உள்ளவர். கேட்டதை அப்படியே கர்னலுக்கு மொழிபெயர்த்தார். "இரண்டு வகையான திருட்டு இருக்கிறதாம். இது இன்னொரு வகையாம்."

துப்பாக்கிகளில் தோட்டா ஏறும் சத்தம் கேட்டது. கன்னியம்மா நடுவில் நிற்கிறாள். கூட்டத்தின் முன்வரிசையில் மல்லிகா நிற்கிறாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து "ஆரியா!" என்று அலறினேன். அலறிய பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். காற்றில் தூண் திரும்பி, வட்டத்தை விட்டுத் தள்ளி, ஆற்றுக்கு மேலே போயிருந்தது. ஆனால் ஆரியா என்று சொன்னால் காதர் கேள்வி கேட்கிறவன் அல்ல. விட்டுவிட்டான்.

ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். தூண் ஆற்றின் நட்டநடுவே சேற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நேராக நின்றது. இன்றும் நிற்கிறது. அதன் உச்சியில் கடற்காகமும் இரண்டு முகத்திலும் பாசியும் இருக்கின்றன. எங்கள் தெரு யாருக்கு என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

7

தூண் தரையைத் தொடவில்லை. ஆகவே பத்திரம் இல்லை. வலது வாசல் அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டார். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அஞ்சலைக்கு என்ன எழுதுவது? தூணைத் திருடியதாகச் சந்தேகம், அதனால் வர முடியவில்லை என்றா? அந்தச் சம்பந்தி ஏற்கெனவே நம்பாதவர். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன்.

புதன்கிழமை மேல் காம்போராவிலிருந்து ஒரு சேவகன் வந்தான். தூணைத் திருட முயன்ற குற்றத்துக்காக நான் சனிக்கிழமைக் கப்பலில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். என் போட்டோ ஒட்டி, அரக்கு முத்திரை வைத்து, பளபளவென்று ஓர் உத்தரவு. மறுநாள் கீழ் காம்போராவிலிருந்து ஒரு கண்டனம் வந்தது. எனக்கு அல்ல, மேல் காம்போராவுக்கு. 'துரைக்கண்ணு எங்கள் மண்ணில் வசிப்பவன். அவனை வெளியேற்றும் உரிமை எங்களுக்கு மட்டுமே உண்டு. நீங்கள் வெளியேற்றுவது எங்கள் இறையாண்மையின் மீது நடத்தும் தாக்குதல்' என்று. கையோடு, தூணைத் தண்ணீரில் போட்ட குற்றத்துக்காக அவர்களும் ஓர் உத்தரவு போட்டார்கள். அதிலும் போட்டோ, அதிலும் முத்திரை. ஒன்பது வருடம் நான் யாருடையவன் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள், என்னைத் துரத்துவதற்காகப் போட்டி போட்டுக்கொண்டு உரிமை கொண்டாடினார்கள். எல்லையில் இரண்டு பக்கமும் படை கூடுகிறது என்றுகூடச் சொன்னார்கள்.

காதரை யாரும் வெளியேற்றவில்லை. அதில் அவனுக்கு மூன்று நாள் கோபம். "தூணை வுட்டது நானு. பேரு வாங்கினது நீ" என்றான்.

கன்னியம்மாவையும் வரச் சொன்னேன். மறுத்துவிட்டாள். "வூட்டைக் காலியா வுட்டா எவனாவது ஒரு நாடு வந்து குந்திக்கும். நீ போ. போய் அந்தப் பொண்ணு கல்யாணத்தை முடி" என்றாள். மல்லிகா துறைமுகம் வரை வந்தாள். கப்பலில் ஏறும்போது, "அப்பா, உங்க ஊர்ல உன்னை உள்ளே விடுவாங்களா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பயணம் முழுவதும் அந்தக் கேள்வி என் பக்கத்தில் படுத்திருந்தது.

திரும்பி எப்படி இங்கே வந்தேன் என்று குழம்ப வேண்டாம். நான் போன இரண்டாம் மாதம் இரண்டு அரசாங்கமும் கவிழ்ந்தன. புதிதாக வந்தவர்கள் பழையவர்கள் போட்ட உத்தரவுகள் எதுவும் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஒற்றுமை. இப்போது பழையபடி காலையில் எழுந்து கொடியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

8

கப்பல் மதராஸைத் தொட்டபோது கல்யாணத்தன்று காலை எட்டு மணி. முகூர்த்தம் பத்தரைக்கு. இறங்குகிறவர்களின் வரிசை நீளமாக இருந்தது. என் முறை வரும்போது மணி பத்தாகிவிட்டது. மேஜைக்குப் பின்னால் வெற்றிலைச் சிவப்பு வாயோடு வயதான ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்போர்ட்டு?"

"இல்லீங்க."

"பின்ன இன்னாத்த வெச்சிக்கினு கப்பல் ஏறினே?"

இரண்டு உத்தரவுகளையும் மேஜையில் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பார்த்தார், பிறகு நேராகப் பார்த்தார்.

"இது இன்னாயா எய்த்து? ஜாங்கிரி பிய்ஞ்சி வெச்சாப்ல கீது. இன்னான்னு எய்திக்கீது?"

"இந்த ஆளு எங்களுக்கு வேணாம்னு எழுதியிருக்குங்க."

"தோ, இதுல?"

"அதுவும் அதேதாங்க. வேற நாடு."

அவர் என் போட்டோவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "எந்த ஊரு உனுக்கு?" என்றார்.

"ராயபுரம். கல்மண்டபம் பக்கத்துல. தங்கச்சிக்குக் கல்யாணம். இப்போ, பத்தரைக்கு."

பக்கத்து மேஜைக்காரரிடம் ஏதோ கேட்பார், மேலதிகாரியிடம் அனுப்புவார், கப்பலிலேயே திருப்பி ஏற்றுவார் என்று நினைத்தேன். ஒன்பது வருடத்தில் வேறு எதுவும் எனக்கு நடந்ததில்லை. அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"ரெண்டு கெவுர்மெண்டு வேணாம்னு எய்திக் குடுத்துக்கீது. அப்போ நம்மாளுதான். போ."

இரண்டு காகிதத்திலும் ஓங்கிக் குத்தினார். சின்னப் பிள்ளை மாதிரி அங்கேயே நின்று அழுதேன்.

"யோவ், இங்க இன்னா நின்னு அயுதுகினுகீறே? பின்னாடி லைன் நிக்கிது. கல்யாண வூட்ல போய் அயு. ஜல்தி!"

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ரிக்ஷாக்காரனிடம் பேரம் பேசக்கூட இல்லை. பந்தலுக்குள் நுழைந்தபோது வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மாலையும் கழுத்துமாக அஞ்சலை மணையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. "அண்ணே" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். திருப்தி இல்லாமல் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார். நான் "ஸ்ஸ்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, காத்திருந்த பந்தலைப் பார்த்துத் திரும்பினார்.

"கீறாரு" என்றார்.

மேளம் கொட்டியது.